எந்தச் சிரமத்தைக் காசு கொடுத்து இறக்கி வைக்கலாம்?

யாழ்ப்பாணத்துக் கொக்குவிலிலிருந்து கேட்டிருக்கும் சகோதரியின் கேள்வி சுருக்கமாக இதுதான். கணவன், மனைவி இருவரும் வேலைக்குப் போகிறார்கள். பாடசாலைக்குப் போகும் பிள்ளைகள் இருவர். வீட்டில் மாமியும் இருக்கிறார். கனடாவிலிருக்கும் தமையன், வீட்டுக்கு உதவியாக ஏதாவது வாங்கச் சொல்லி ஒரு தொகை அனுப்ப ஆயத்தமாக இருக்கிறார். சலவை இயந்திரம், தண்ணீர் வடிகட்டி, தேங்காய் திருவும் மின்சாரத் திருவலை, பாத்திரம் கழுவும் இயந்திரம், கடை இடியப்பம், வீட்டு வேலைக்கு ஓர் ஆள் என்று வரிசையாக எழுதி, இவற்றில் எதற்குக் காசு கொடுக்கலாம், எது வீண் செலவு என்று கேட்கிறார். “நாங்கள் எல்லாம் கையாலதானே செய்தனாங்கள்” என்று மாமி சொல்வதையும் கடைசியில் ஒரு வரியாகச் சேர்த்திருக்கிறார். அந்தக் கடைசி வரிதான் கேள்வியின் மையம் என்று எனக்குப் படுகிறது. பொருள்களின் தரத்தை எந்தக் கடைக்காரரும் சொல்லிவிடுவார். எந்தக் களைப்புக்கு விலை கொடுக்கலாம், எதைத் தாங்கிக்கொள்ளலாம் என்பதை எப்படி அளப்பது என்றுதான் இந்தச் சகோதரி கேட்கிறார்.

நான் மனைப்பொருளியல் கற்பித்து ஓய்வு பெற்றவள். வள முகாமைத்துவம் என்ற அலகில் காசையும் நேரத்தையும் உடல் வலுவையும் ஒரே தராசில் வைத்துப் பார்க்க மாணவிகளுக்குச் சொல்லிக்கொடுப்பது என் தொழிலாக இருந்தது. பெற்றோர் சந்திப்புக்கு வந்த தாய்மாரிடம் அவர்களுடைய வீட்டு நடப்பைக் கேட்டு அறிந்தவையும் இந்தப் பதிலில் உண்டு. ஆனால் நான் மின்பொறியியலாளரும் அல்லள், மருத்துவரும் அல்லள். வயரிங்கைப் பற்றியும் நோயைப் பற்றியும் நான் சொல்வதை அந்தந்தத் துறையினரிடம் உறுதிப்படுத்திக்கொள்ள வேண்டும்.

முதலில் செய்ய வேண்டியது, வேலையை அதன் துண்டுகளாகப் பிரித்துப் பார்ப்பது. உடுப்புத் தோய்ப்பது என்று ஒரே சொல்லில் சொல்லிவிடுகிறோம். அதற்குள் தண்ணீர் எடுத்தல், ஊறவைத்தல், தேய்த்தல், அலசுதல், பிழிதல், கொடியில் போடுதல், எடுத்து மடித்தல் என்று ஏழு வேலைகள் இருக்கின்றன. இவற்றில் இடுப்பையும் மணிக்கட்டையும் வாங்குகிறவை தண்ணீர் எடுப்பதும் தேய்ப்பதும் பிழிவதும்தான். நனைந்த போர்வை ஒன்றைத் தனியாளாக முறுக்கிப் பிழிந்தவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. சலவை இயந்திரம் இந்த மூன்றையும் எடுத்துவிடுகிறது. கொடியில் போடுவதும் மடிப்பதும் நம்மிடமே மிஞ்சுகின்றன. அதனால் அது காசுக்குப் பெறுமதியானது. அதே கணக்கில், உலர்த்தும் இயந்திரம் நமது ஊருக்குத் தேவையில்லை. மாரி காலத்துச் சில வாரங்களைத் தவிர, வெயில் அந்த வேலையை இனாமாகச் செய்துகொடுக்கிறது.

விலையை மொத்தமாகப் பார்த்து மலைக்காமல், ஒரு முறைக்கு எவ்வளவு என்று பிரித்துப் பார்க்க வேண்டும். உதாரணத்துக்கு, 90,000 ரூபாய் இயந்திரம் ஒன்றை வாரத்தில் நான்கு முறை வீதம் எட்டு வருடம் பாவித்தால் 1,660 முறைக்கு மேல் வரும். ஒரு முறைக்கு ஏறத்தாழ 55 ரூபாய் விழுகிறது. மின்சாரம், சவர்க்காரத்தூள், திருத்தவேலை எல்லாவற்றையும் சேர்த்து அது இரட்டிப்பானாலும், ஒரு பெண்ணின் ஒன்றரை மணித்தியால முதுகுவலிக்கு அது பெரிய விலை அல்ல. இதே கணக்கை, பலகாரத்துக்கென்று வாங்கி வருடத்தில் இரண்டு தடவை மட்டும் அலுமாரியிலிருந்து இறங்கும் ஒரு கருவிக்குப் போட்டுப் பாருங்கள். விடை தானாக வரும். வாங்குமுன் இன்னொன்றையும் பார்க்க வேண்டும். முழுத் தானியங்கி இயந்திரத்துக்குக் குழாயில் ஓரளவு அழுத்தம் வேண்டும். தண்ணீர்த் தாங்கி கூரை மட்டத்திலேயே இருக்கும் வீடுகளில் இயந்திரம் நிரம்பாமல் இடையில் நின்றுவிடக்கூடும். இரட்டைத் தொட்டி இயந்திரத்துக்கு வாளியாலும் ஊற்றலாம், விலையும் குறைவு. ஆனால் ஆள் பக்கத்திலேயே நின்று உடுப்பைத் தொட்டி மாற்ற வேண்டும். வேலைக்குப் போகிறவருக்கு அந்த நிற்கும் நேரம்தான் இல்லாதது.

மின்சாரக் கட்டணத்தைப் பற்றிய பயம் பல வீடுகளில் தவறான இடத்தில் இருக்கிறது. சுழலுகிற கருவிகள் குறைவாகவும் சூடாக்குகிற கருவிகள் அதிகமாகவும் மின்சாரம் எடுக்கும் என்பது பொதுவான விதி. 750 வோற் கிறைண்டரை ஐந்து நிமிடம் ஓடவிட்டால் ஓர் அலகில் பதினாறில் ஒரு பங்குதான் செலவாகும். அரைக்குதிரைவலுத் தண்ணீர் மோட்டர் ஒரு மணித்தியாலம் ஓடினாலும் ஏறத்தாழ அரை அலகுதான். சலவை இயந்திரத்தைத் தண்ணீரைச் சூடாக்காமல் ஓடவிட்டால் அதுவும் சிறிய செலவே. வெந்நீர் முறையில் போட்டால் பல மடங்காகிவிடும். மார்கழி, தை தவிர மற்றக் காலத்தில் யாரும் தேடாத குளியலறைச் சுடுநீர்க் கருவி, இஸ்திரிப்பெட்டி, மின்சார அடுப்பு என்பவைதான் மீற்றரை ஓடவைப்பவை. இலங்கையில் வீட்டு மின்கட்டணம் படிமுறையானது என்பதையும் நினைவில் வைத்திருக்க வேண்டும். மாதத்துக்கு 60 அலகைத் தாண்டினால் தாண்டிய அலகுகளுக்கு மட்டும் விலை கூடுவதில்லை. முதல் அலகுகளுக்குக் கிடைத்த மலிவு விலையும் போய், நிலையான கட்டணமும் உயர்கிறது. ஆகவே 55 அலகில் நிற்கும் வீட்டுக்கும் 110 அலகில் நிற்கும் வீட்டுக்கும், புதிதாகச் சேரும் பத்து அலகின் விலை ஒன்றல்ல. உங்கள் கடைசி மூன்று மின்பட்டியல்களையும் எடுத்து, எந்தப் படியில் நிற்கிறீர்கள் என்று முதலில் பாருங்கள்.

சூடாக்கும் கருவிகளில் நான் தயங்காமல் சொல்லக்கூடியது றைஸ் குக்கர். 700 வோற் குக்கர் அரை மணித்தியாலத்தில் மூன்றிலொரு அலகு அளவில் எடுக்கும். அதற்குப் பதிலாக, அடுப்பைப் பார்த்துக்கொண்டு நிற்கும் வேலை இல்லாமற்போகிறது. பிள்ளைகளைப் பாடசாலைக்கு அனுப்பும் காலைநேரத்தில் அடுப்படியில் நிற்கத் தேவையில்லாத அந்த அரை மணித்தியாலத்துக்கு இருக்கும் மதிப்பு இரவு ஒன்பது மணிக்கு இல்லை. நேரத்தை மணித்தியாலக் கணக்கில் மட்டும் அளப்பவர்கள் இதைத் தவறவிடுகிறார்கள்.

அடுத்தது தண்ணீர். இதில் கொஞ்சம் நின்று பேச வேண்டும். யாழ்ப்பாணக் குடாநாட்டில் வருடம் முழுவதும் ஓடும் ஆறு இல்லை. சுண்ணாம்புக் கல்லுக்குள் தேங்கும் மழைநீர்தான் நம்முடைய கிணறு. கேற்றிலின் அடியில் படியும் வெள்ளைப் பொருக்கு அந்தச் சுண்ணாம்புதான். அது பாத்திரத்தைக் கெடுக்குமே தவிர, அதைக் கண்டு வடிகட்டிக்கு ஓடத் தேவையில்லை. கொஞ்சம் வினாகிரியோ எலுமிச்சம்புளியோ விட்டு ஊறவைத்தால் பொருக்கு கழன்றுவிடும். கவனிக்க வேண்டியவை கண்ணுக்குத் தெரியாத இரண்டு. ஒன்று, மலசலகூடக் குழிகளிலிருந்து வரும் கிருமிகள். கொதிக்கவைத்து ஆறவைத்தால் அவை இறந்துவிடும். அதற்கு அடுப்பைத் தவிர எந்த இயந்திரமும் தேவையில்லை. மற்றது நைத்திரேற்று. குடாநாட்டின் மேற்குப் பகுதியான வலிகாமத்துத் தோட்டங்களில் நெடுங்காலமாக இடப்பட்ட பசளையாலும் அதே குழிகளாலும் பல கிணறுகளில் இது கூடியிருப்பதை ஆய்வுகள் திரும்பத் திரும்பக் காட்டியிருக்கின்றன. உலக சுகாதார நிறுவனம் வகுத்த எல்லை லீற்றருக்கு 50 மில்லிகிராம். கொதிக்கவைத்தால் நைத்திரேற்று போகாது. தண்ணீர் ஆவியாகிக் குறைவதால் அதன் செறிவு சற்றுக் கூடவும் செய்யும். மண் வடிகட்டியும் கரி வடிகட்டியும் அதை நீக்கா. புட்டிப்பால் குடிக்கும் கைக்குழந்தை உள்ள வீட்டில் இது பாரதூரமானது, ஏனெனில் கூடிய நைத்திரேற்று குழந்தையின் குருதி ஒட்சிசனைக் காவும் திறனைக் குறைத்துவிடும். வளர்ந்தவர்களுக்கு நீண்டகாலத்தில் என்ன செய்யும் என்பதில் ஆய்வாளர்களிடையே முடிவான உடன்பாடு இன்னும் இல்லை.

ஆகவே வடிகட்டி வாங்குவதா இல்லையா என்பதைப் பக்கத்து வீட்டுக்காரர் சொல்ல முடியாது. கிணறுதான் சொல்ல வேண்டும். ஒரே ஒழுங்கையில் இரண்டு கிணறுகள் இரண்டு விதமாக இருப்பதுண்டு. தண்ணீரைப் பரிசோதிக்கக் கொடுக்கும் கட்டணம் வடிகட்டி விலையில் மிகச் சிறு பங்கு. இந்தப் பதிலில் உள்ள செலவுகளுள் முதலில் செய்ய வேண்டியதாக நான் கருதுவது அதைத்தான். முடிவில் நைத்திரேற்று கூடியிருந்தால், தண்ணீரை மென்சவ்வினூடாக அழுத்தித் தள்ளும் வடிகட்டி (ஆர்.ஓ. என்பார்கள்) பயன்படும். அது குடிக்கத் தருவதைவிடக் கூடுதலான தண்ணீரைக் கழிவாக வெளியே விடும். அதை வாளியில் பிடித்து முற்றம் கழுவவோ மலசலகூடத்துக்கு ஊற்றவோ பாவிக்கலாம். மென்சவ்வையும் முன்வடிகட்டிகளையும் காலத்துக்குக் காலம் மாற்ற வேண்டும். அந்த வருடச் செலவைக் கேட்காமல் கருவியின் விலையை மட்டும் கேட்டு வாங்குவது அரைக் கணக்கு. கிருமி மட்டும்தான் பிரச்சினை என்றால் கொதிக்கவைக்கும் பானையே போதும். தாளையடியில் கடல்நீரை நன்னீராக்கும் நிலையம் 2024 இல் திறக்கப்பட்டபின் குழாய்நீர் சில பகுதிகளுக்குக் கிடைக்கிறது. உங்கள் வீதிக்கு இணைப்புக் கிடைக்குமானால், குடிக்கவும் சமைக்கவும் அதை எடுத்து, மற்ற எல்லாவற்றுக்கும் கிணற்றைப் பாவிப்பது வடிகட்டியைவிட மலிவாக முடியக்கூடும்.

குசினியில் காசு கொடுத்துத் தப்ப வேண்டிய வேலைகள் பெரிய இயந்திரங்களில் இல்லை, சந்தையில் இருக்கின்றன. மீனை எடுத்துக்கொள்ளுங்கள். சந்தையில் வாங்கிய இடத்துக்குப் பக்கத்திலேயே சிறு தொகைக்கு வெட்டித் தருகிறார்கள். அவர்கள் எடுத்துவிடுவது வெட்டும் வேலையை மட்டும் அல்ல. செதிள் தெறித்த சுவர், கழிவைப் புதைக்கும் குழி, சுற்றிவரும் பூனை, கையில் மாலைவரை நிற்கும் வெடில் எல்லாமே சந்தையில் நின்றுவிடுகின்றன. அந்தத் தொகையில் பேரம் பேசுவதை நான் ஒருபோதும் ஏற்கமாட்டேன். மாறாக, வெட்டிப் பொதி செய்த மரக்கறிக்குக் கூடுதல் விலை கொடுப்பது பெரும்பாலும் வீண். கத்தரிக்காயை வெட்ட ஐந்து நிமிடம்கூட ஆகாது, வெட்டி வைத்த மரக்கறியில் உயிர்ச்சத்து சீயும் குறையும். நேரம் தின்பவை முருங்கையிலை உருவுவதும் சின்ன வெங்காயம் உரிப்பதும்தான். வெங்காயத்தைக் கால் மணித்தியாலம் தண்ணீரில் ஊறவைத்தால் தோல் வழுக்கிக்கொண்டு வரும். முருங்கையை முதல்நாள் பின்னேரம் துணியில் சுற்றிவைத்தால் காலையில் உதறவே பாதி இலை விழும். செலவில்லாத எளிதாக்கல் இருக்கும் இடத்தில் காசை நீட்டத் தேவையில்லை.

மின்சாரத் திருவலையைப் பற்றி எனக்கு அவ்வளவு உற்சாகம் இல்லை. சம்பலுக்கும் சொதிக்கும் ஒரு நாளைக்கு ஒன்றோ இரண்டோ தேங்காய் திருவும் வீட்டில், கஷ்டம் திருவுவதில் இல்லை; திருவலைப் பலகையில் குந்தியிருப்பதில் இருக்கிறது. முழங்கால் நோ உள்ள மாமிக்கு, மேசை விளிம்பில் பொருத்திக் கையால் சுற்றும் திருவலை போதும். ஞாயிற்றுக்கிழமை நான்கைந்து தேங்காயைச் சேர்த்துத் திருவி, நாளுக்கொரு பொதியாக உறைபெட்டியில் வைத்தால் வாரநாள்களில் திருவலையைத் தொடவே தேவையில்லை. வீட்டிலிருந்து பிட்டு, இடியப்பம் செய்து விற்பவர்களுக்கு மின்சாரத் திருவலை முதலீடு; மற்றவர்களுக்குப் பெரும்பாலும் கழுவ வேண்டிய இன்னுமொரு சாமான். அழுத்தக் குக்கர் அப்படியல்ல. உள்ளே ஏறத்தாழ 120 பாகை வரை வெப்பம் ஏறுவதால் கடலையும் இறைச்சியும் மிக விரைவாக அவிகின்றன, காஸும் மிஞ்சுகிறது. வளையத்தையும் வால்வையும் மட்டும் பார்த்துக்கொள்ள வேண்டும்.

கடை இடியப்பத்தைப் பொறுத்தவரை, வேலை நாள் காலையில் வாங்குவதில் எந்தக் குறையும் இல்லை. மா வறுத்து, சுடுநீர் விட்டுக் குழைத்து, உரலில் பிழிந்து, தட்டுகளை அவித்து, அந்தத் தட்டுகளைக் கழுவி முடிப்பதற்கு ஒரு மணித்தியாலத்துக்கு மேல் போகும். அதைச் செய்து விற்பவர் பெரும்பாலும் அயலில் உள்ள இன்னொரு பெண். சொதியையும் சம்பலையும் வீட்டில் வைத்தால் வீட்டுச் சாப்பாடு என்ற எண்ணமும் போகாது. ஒன்று மட்டும்: சுடச்சுட மெல்லிய பொலித்தீனில் சுற்றித் தருவதை வாங்காமல், வாழையிலை போட்ட பாத்திரத்தைக் கொண்டு போங்கள். மிளகாய்த்தூளைப் பற்றி நீங்கள் கேட்கவில்லை என்றாலும் சொல்லிவிடுகிறேன். வருடத்தில் சில தடவைகளே செய்யும் வேலை அது என்பதால், விட்டுவிட்டாலும் மிஞ்சும் நேரம் சொற்பம். மல்லியும் பெருஞ்சீரகமும் வறுபடும் பக்குவத்தில் வீட்டுக்கு வீடு ருசியும் வேறு. ஆனால் செத்தல் மிளகாய் வறுக்கும் புகையில் இருமுகிற ஒருவர் வீட்டில் இருந்தால், நம்பிக்கையான ஓர் இடத்தில் திரித்த தூளை வாங்குங்கள். பாத்திரம் கழுவும் இயந்திரம் நமது பானைக்கும் சட்டிக்கும் தாச்சிக்கும் உகந்த வடிவில் செய்யப்பட்டதல்ல, இப்போதைக்கு விட்டுவிடலாம்.

காசு கொடுத்து நேரத்தை வாங்குவது மனநிறைவைக் கூட்டுமா என்பதை ஆராய்ந்திருக்கிறார்கள். அஷ்லி விலன்ஸ், எலிசபெத் டன் முதலியோர் 2017 இல் வெளியிட்ட ஆய்வில், அமெரிக்கா, கனடா, டென்மார்க், நெதர்லாந்து நாடுகளைச் சேர்ந்த 6,000 பேருக்கு மேற்பட்டோரிடம் விசாரித்தபோது, விருப்பமில்லாத வேலைகளிலிருந்து விடுபடக் காசு செலவிட்டவர்கள் கூடிய மனநிறைவைச் சொன்னார்கள். வன்கூவரில் வேலை செய்யும் 60 பேருக்கு ஒரு வாரஇறுதியில் 40 டொலர் கொடுத்துப் பொருள் வாங்கவும், இன்னொரு வாரஇறுதியில் அதே தொகையை நேரத்தை மிச்சப்படுத்தச் செலவிடவும் சொன்னபோது, இரண்டாவதில்தான் அவர்களுடைய மனநிலை நன்றாக இருந்தது. இதை அப்படியே இங்கே ஒட்டுவதற்கு நான் துணியமாட்டேன். அவை பணக்கார நாடுகள். மாமியும் அயலும் பார்த்திருக்கும் வீட்டில், காசு கொடுத்து வேலையை விட்டால் நிம்மதியோடு ஒரு கூச்சமும் சேர்ந்து வரும். எதிர்ப்பக்கத்து எச்சரிக்கையும் உண்டு. அமெரிக்காவில் 1920களிலிருந்து 1960கள் வரை இவ்வளவு கருவிகள் வந்தும், முழுநேர இல்லத்தரசிகளின் வாராந்த வேலைநேரம் 50 மணித்தியாலத்துக்கு மேலேயே நின்றது என்று 1974 இல் ஓர் ஆய்வு காட்டியது. பின்வந்த சிலர் அந்தக் கணக்கோடு உடன்படவில்லை. ஆனாலும் அதன் காரணம் நமக்குத் தெரிந்ததுதான். இயந்திரம் வந்தபின் ஒருநாள் உடுத்த சட்டையும் அழுக்குக் கூடைக்குள் போகத் தொடங்கும். கை ஓய்ந்தால் அதற்கு இன்னொரு வேலை தேடித் தரப்படும். மிச்சமான நேரம் யாருக்கு என்பதை வாங்குமுன்பே வீட்டில் பேசிக்கொள்ள வேண்டும், குறிப்பாகக் கணவரோடு.

வேலைக்கு ஆள் வைப்பதைப் பற்றி ஓரிரு வார்த்தைகள். தேங்காய் பறித்தல், கிணறு இறைத்தல், கூரை திருத்தல் போன்ற ஆபத்தான, பழக்கம் வேண்டிய வேலைகளை, கூலி எவ்வளவானாலும், தெரிந்தவர்களைக் கொண்டே செய்விக்க வேண்டும். நாளாந்தம் வந்து வளவு கூட்டி, பாத்திரம் கழுவிக் கொடுக்க ஒருவரை அமர்த்த முடிந்தால், இயந்திரம் எதுவும் தராத உதவி அது. ஒருகாலத்தில் இத்தகைய வேலைகளைக் குடிமை என்ற பெயரில், சாதிவழிக் கடமையாக, கூலி பேசாமலே வாங்கிய ஊர் இது. ஆகவே சம்பளத்தையும் விடுமுறையையும் முதல் நாளே வெளிப்படையாகப் பேசுங்கள். கட்ட முடியாத சம்பளத்தில் ஆள் வைத்து மூன்றாம் மாதம் நிறுத்துவதைவிட, வாரத்தில் இரண்டு நாள் வைத்து ஒழுங்காகக் கொடுப்பது நல்லது.

மாமியின் பேச்சுக்கும் ஒரு நியாயம் இருக்கிறது. 1990களில் குடாநாடு வருடக் கணக்கில் மின்சாரமின்றிக் கிடந்ததை அவர் கண்டவர். 2022 மார்ச் கடைசியில் ஒரு நாளில் 13 மணித்தியாலம் மின்சாரம் நின்றதையும் காஸ் வரிசைகளையும் நீங்களும் கண்டீர்கள். எந்த முக்கியமான வேலைக்கும் மின்சாரமில்லாத ஒரு வழி வீட்டில் இருக்க வேண்டும்: கிணற்றுக்கு ஒரு கப்பி, மழைபடாத இடத்தில் கொஞ்ச விறகு, எறியப்படாத ஓர் அம்மி. அவற்றை நாள்தோறும் பாவிக்க வேண்டும் என்பதல்ல. மாமியும் உடுப்பைக் கையால் தோய்த்தது விரும்பியா, வேறு வழியில்லாமலா என்று ஒருநாள் ஆறுதலாகக் கேட்டுப்பாருங்கள்; அவருடைய மணிக்கட்டு வேறு பதில் சொல்லக்கூடும்.

தமையன் அனுப்பும் தொகைக்கு என்னுடைய வரிசை இது. முதலில் கிணற்றுத் தண்ணீரைப் பரிசோதிப்பியுங்கள். அதோடு, உங்கள் வீட்டில் 30 மில்லி அம்பியர் மின்கசிவுக்கே தானாக விழுந்து மின்சாரத்தைத் துண்டிக்கும் ட்ரிப் சுவிச்சும் ஒழுங்கான புவித்தொடுப்பும் (எர்த்) உண்டா என்று தகுதியுள்ள ஒரு மின்னிணைப்பாளரைக் கொண்டு பாருங்கள். ஈரக் கையோடு தொடும் இயந்திரத்தை அவையில்லாத வீட்டில் வைக்கக் கூடாது. பிறகு சலவை இயந்திரம், முழு விலை கொடுத்து, தவணையில் அல்லாமல். தவணைக்கு வாங்கினால் வட்டியோடு சேர்த்து மேலே சொன்ன 55 ரூபாய்க் கணக்கே மாறிவிடும். மிஞ்சுவதில் ஒரு பங்கைத் திருத்தவேலைக்கென்று தனியாக வைத்துவிட்டு, அழுத்தக் குக்கரும் மேசைத் திருவலையும் வாங்குங்கள். வடிகட்டி மட்டும் பொறுத்திருக்கட்டும். பரிசோதனை முடிவு கைக்கு வந்ததும் நைத்திரேற்று, கிருமி இரண்டுக்கும் உரிய எண்களைக் குறிப்பிட்டு எழுதினீர்களானால், எந்த வகை வேண்டும், அல்லது பானையே போதுமா என்பதை அப்போது திட்டமாகச் சொல்ல முடியும்.